நாலாம் நம்பர் ஒழுக்கு

எங்கள் வீட்டுக் கூரை ஏழு இடங்களில் ஒழுகியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டு என்பாள். அடுப்படி ஜன்னல் வழியே அடிக்கும் சாரலையும் அவள் சேர்த்துக்கொண்டிருந்தாள். சாரலை ஒழுக்கு என்று சொல்ல முடியாது. நான் ஏழிலேயே நின்றேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் நடுப்பகுதி. வண்டிப்பெரியாரில் பஸ்ஸை விட்டிறங்கி நாற்பது நிமிடம் மேலே நடந்தால் வரும் தேயிலை எஸ்டேட்டில், ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, இரண்டுக்கும் மேலே ஒரே தகரக் கூரை. அப்பாவுக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வேலை. அம்மா கொழுந்தெடுப்பவள். மழை பிடித்ததும் பாத்திரங்களை அதனதன் இடத்தில் வைப்பது என் பொறுப்பு. ஒழுக்குகளுக்கு நான்தான் நம்பர் கொடுத்திருந்தேன். வாசல் நிலைக்கு உள்ளே விழுவது ஒன்று. அதற்கு அலுமினியப் போணி. கட்டிலின் கால்மாட்டில் இரண்டு, தலைமாட்டில் மூன்று. முன்னறையின் நட்டநடுவே, இரண்டு தகரங்கள் சேரும் இடத்தில், நாலு. அதுதான் பெரியது. குளிக்கிற அண்டா அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஐந்து அதிலிருந்து மூன்று சாண் தள்ளி. ஆறும் ஏழும் அடுப்படியில். நாளடைவில் வீட்டில் எல்லோரும் என் நம்பர்களாலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். "மூணாம் நம்பரு நெறஞ்சு போச்சு, ஊத்திட்டு வா" என்பார் அப்பா, ஏதோ அது பிறந்ததிலிருந்து அங்கே இருப்பது போல.

அந்த வருஷம் ஏழு ஒழுக்கும் திடீரென்று பெரிய விஷயமானதற்குக் காரணம் என் அக்கா. முந்தின வருஷம் சாந்தன்பாறை ஏலத்தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஆடியில் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருப்பார்கள். அதன்பிறகு நாற்பது நாளும் தாயும் பிள்ளையும் எங்கள் முன்னறையில் இருந்தாக வேண்டும். அக்காவின் மாமியார் வெளிப்படையாகவே எழுதியிருந்தாள்: எட்டாம் நாள் பிள்ளையைப் பார்க்க வருவேன், வீடு ஈரமாக இருந்தால் இருவரையும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். பச்சைப் பிள்ளையோடு மூன்று பஸ் மாறி. அம்மா அந்தக் கடிதத்தை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். அவள் கோபப்படவில்லை. முந்தின மழைக்காலத்தில்தான் எங்கள் லயத்தின் மூன்றாவது வீட்டில் ஒரு குழந்தை சளி கட்டி இறந்திருந்தது. அதற்கு வயது பத்தொன்பது நாள்.

ஆகவே கூரையை மாற்றியாக வேண்டும். மாற்ற வேண்டியது எஸ்டேட். இதை எங்களுக்குச் சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. அதே எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை. மிச்ச நேரமெல்லாம் யூனியன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று.

அப்பாவுக்கு இதில் மனசில்லை. "வாடகை குடுக்காம இருக்கோம். இதுல வாயத் தொறக்கது எப்படி?"

"நீங்க கவ்வாத்துக் கத்தி பிடிக்கியளே, அதுதான் அத்தான் வாடகை" என்றார் மாமா. "வீடு குடுக்கது எஸ்டேட்டோட கடமை. குடுத்த வீட்டப் பழுது பாக்கதும் அவன் கடமை. சட்டத்துல எழுதிக் கெடக்கு. நாம சும்மா கேக்கப்பிடாது, எழுத்துல கேக்கணும். தேதி போட்டு, ஒப்பு போட்டு."

எஸ்டேட் ஆபீசில் அதற்கென்று ஒரு புத்தகம் இருந்தது. ஈஸ்டர் முடிந்து ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை என்று மூன்று முறை அப்பா அதில் எழுதினார். அதாவது மாமா எழுத, அப்பா ஒப்புப் போட்டார். மூன்று முறையும் பதில் சொன்னவர் ஆபீசின் பெரிய கிளார்க். அவர் எங்கள் சபைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் பெஞ்சில் உட்காருவார், குரலும் நன்றாக இருக்கும். முதல் முறை, தகரம் கோட்டயத்திலிருந்து வர வேண்டும் என்றார். இரண்டாம் முறை, துரை லீவில் இருக்கிறார் என்றார். மூன்றாம் முறை போனபோது மழை தொடங்கியிருந்தது. மழையில் கூரையைப் பிரிக்க முடியாது, மழை முடியட்டும் என்றார். வெயில் காலத்தில் ஒழுகாத கூரையை யார் அவசரமாகப் பார்ப்பார்கள் என்று மாமா கேட்டதற்கு, அதுவும் சரிதான் என்று ஒத்துக்கொண்டாராம்.

மாமா அதோடு விடவில்லை. மூன்று தேதிகளையும் குறித்து, எஸ்டேட்டுகளைப் பார்வையிடும் அரசாங்க இன்ஸ்பெக்டருக்கு மனு அனுப்பினார். பதினாறு நாள் கழித்து, வியாழக்கிழமை நேரில் வருவதாகத் தகவல் வந்தது. "எஸ்டேட்டுலயே மோசமான வீடு இதுதான்னு எழுதியிருக்கேன். ஒருதரம் உள்ள வந்து பாத்தாருன்னா போதும்" என்று மாமா சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதில் அம்மாவின் காதில் விழுந்தது, ஓர் ஆபீசர் நம் வீட்டுக்குள் வரப்போகிறார் என்பது மட்டும்தான்.

எங்கள் வீட்டுக்கு அதுவரை வந்த பெரியவர் என்றால் ஐயர்தான். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் அழைப்போம். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்து அவரை அழைப்பது வழக்கம். அதற்கு வீட்டைத் தயாரிக்கும் முறை ஒன்று உண்டு. லயத்தில் எந்தப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சுவருக்குச் சுண்ணாம்பு. தரைக்குச் சாணி மெழுகல். வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடத்திலிருந்து இரவல் நாற்காலி, அதன்மேல் பூப்போட்ட விரிப்பு. ஐயர் தலையில் கூரைத் துரு உதிராதிருக்க, மேலே நாலு மூலையும் இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டி. அம்மாவுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் ஆறு வீட்டுப் பெண்களும் கூடிவிட்டார்கள். சுவரில் தண்ணீர் இறங்கிக் காய்ந்த பழுப்புத் தாரைகள்மேல் இரண்டு பூச்சு சுண்ணாம்பு ஏறியது. ரோட்டு வேலை நடந்த இடத்திலிருந்து ஒருத்தி தார் கொண்டுவந்தாள். அப்பா கூரைமேல் ஏறி ஓட்டைகளை அடைத்தார். பெரியம்மா தன் வீட்டு வேட்டியையும் கொடுத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொன்னாள். மறுநாள் பார்த்து வெயில் வேறு அடித்தது.

இன்ஸ்பெக்டர் பத்தரை மணிக்கு வந்தார். எஸ்டேட் சார்பில் பெரிய கிளார்க் கூட வந்தார். வழிநெடுகப் பேசிக்கொண்டே முன்னால் வந்த மாமா, வாசலில் கால் வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

இன்ஸ்பெக்டர் மலையாளத்துக்காரர். அறையைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். மேலே வெள்ளை வேட்டியைப் பார்த்தார். "இதாணோ மோசமான வீடு?" என்று மாமாவிடம் கேட்டார்.

"சார், அந்த வேட்டிய அவுத்துட்டுப் பாக்கணும் சார்."

"அதெல்லாம் என்னத்துக்கு ஐயா" என்று அம்மா குறுக்கே வந்தாள். "உக்காருங்க. காப்பி ஆறிரும்."

அவர் உட்கார்ந்தார். காப்பி குடித்தார். பெரிய கிளார்க் முறுக்கு எடுத்துக்கொண்டார். டம்ளரைக் கீழே வைத்தபின் இன்ஸ்பெக்டர் நேராக அம்மாவிடமே, "மழ பெய்தா ஒழுகுமோ, அம்மே?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான். அவர் கேட்ட விதத்திலேயே அது தெரிந்தது.

எனக்கு நாக்கு நுனியில் ஏழு நம்பரும் நின்றன. ஆனால் அம்மாவின் விரல் என் பிடரியில் இருந்தது.

"மலையில மழன்னா ஒரு சொட்டு ரெண்டு சொட்டு விழத்தான செய்யும் ஐயா" என்றாள் அம்மா, விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்பது போல.

அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். ஜீப் வளைவில் மறையும் வரை மாமா பொறுத்திருந்தார்.

"அக்கா, நீ வீட்டையா காட்டுன? கல்யாணப் பந்தலுல்லா காட்டியிருக்க!"

"அரசாங்க ஆபீசர் வாராரு. சாணியும் சகதியுமா காட்டச் சொல்லுதியா?"

"ஆமா! அதக் காட்டத்தான் அவர வரச் சொன்னேன்!"

"நல்லா இருக்கே. அவரு போயி, இன்னார் வீடு குப்பையாக் கெடக்குன்னு நாலு பேருட்ட சொல்லவா?"

"ஒழுகுதது ஒன் குத்தமா? அது எஸ்டேட்டுக்காரன் குத்தம். அவன் மானத்த மறைக்க நீ ஏன் வேட்டி கட்டுத?"

நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி அம்மா என்னை அனுப்பினாள். நான் திரும்பி வந்தபோது வேட்டியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கூரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது நாள் கழித்து அறிக்கையின் நகல் வந்தது. மாமா மலையாளத்திலிருந்து சொல்லிக் காட்டினார். வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் உள்ளது; சில்லறைப் பழுதுகளை எஸ்டேட் தன் வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம். வசதிப்படி என்ற சொல்லை இரண்டு முறை வாசித்தார். அதற்குள் தார் கழன்று ஏழு நம்பரும் பழையபடி ஒழுகத் தொடங்கியிருந்தன. மறுபடி மனுப் போடலாம், ஆனால் பதில் வர இரண்டு மாதமாகும் என்றார். அக்காவுக்கு இருந்ததோ மூன்று வாரம்.

ஆடி முதல் வாரத்தில் அக்கா வந்து சேர்ந்தாள். கட்டிலை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் குறுக்காகப் போட்டால், காலை மடக்கிப் படுக்கிறவள் நனையாமல் தூங்கலாம் என்று நான் அளந்து வைத்திருந்தேன். அவள் வயிற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த ஜெபக்கூட்டத்தை எங்கள் வீட்டில் வைப்பதாக அம்மா அறிவித்தாள். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னொரு பந்தலா?"

"நீ சட்டத்தப் பாரு. நான் ஜெபத்தப் பாக்கேன்" என்றாள் அம்மா.

பெரிய கிளார்க் சாதாரணமாக லயத்து ஜெபக்கூட்டங்களுக்கு வருவதில்லை. அம்மா அவர் குவார்ட்டர்சுக்கே போய் அழைத்தாள். பிள்ளை நல்லபடி பெற வேண்டுமென்று வைக்கிற ஜெபம், பெரியவர்கள் நீங்கள் வராமல் எப்படி என்று. ஐயரும் வரும்போது அவரால் மறுக்க முடியவில்லை. ஞாயிறு மதியம் மூன்று மணி என்று நேரம் குறித்தாள். ஆடி மாதத்தில் மூன்று மணிக்கு மழை பெய்யாத நாள் எங்கள் மலையில் கிடையாது.

அன்று வீட்டில் எனக்குப் பிடிபடாத காரியங்கள் நடந்தன. அம்மா சுண்ணாம்பு அடிக்கவில்லை. வேட்டி கட்டவில்லை, நான் நினைவுபடுத்தியும், சரி சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பாத்திரங்களையெல்லாம் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போடச் சொன்னாள். விருந்தாளி வரும்போது போணியும் அண்டாவும் நடுவீட்டில் இருந்தால் நன்றாக இராது என்பது எனக்குப் புரிந்தது. கடைசியாக, "ரெண்டு நாக்காலியில ஐயருக்கு வடக்கச் செவுரு பக்கம் ஒண்ணு போடு. இன்னொண்ண, கிளார்க்கு ஐயாவுக்கு, நாலாம் நம்பர்ல போடுட்டி" என்றாள்.

அம்மாவுக்கு நம்பர் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். வேலை மும்முரத்தில் யாருக்கும் வரக்கூடிய தவறு அது. நாலுக்கும் ஐந்துக்கும் இடையே சரியாக ஒரு நாற்காலி நனையாமல் நிற்கும் இடம் எனக்குத் தெரியும். அங்கே போட்டு, விரிப்பும் விரித்தேன்.

மூன்று மணிக்கு எல்லோரும் வந்தார்கள். மழையும் வந்தது. பெரிய கிளார்க் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு வந்து, நான் போட்ட நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்தார். அடுப்படியிலிருந்து வந்த அம்மா நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் ஒரு பாயை எடுத்து, அவருக்கு நேர் முன்னால், நாலாம் நம்பரில் விரித்தாள். "ஏளா, நீ இங்கன உக்காரு" என்று அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா அம்மாவின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பாட்டு முடிந்து ஐயர் ஜெபிக்கத் தொடங்கினார். எங்கள் ஐயரின் ஜெபம் நீளமானது. பிரசவத்துக்கு முன்னால் எஸ்டேட்டையும் ஊரையும் உலகத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. அண்டா இல்லாத நாலாம் நம்பரை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

முதல் சொட்டு அக்காவின் உச்சியில் விழுந்தது. அவள் அசையவில்லை. அடுத்தடுத்து விழுந்தன. முக்காடு நனைந்து தலையோடு ஒட்டியது. நெற்றி வழியாக இறங்கிய தண்ணீர் மூக்கு நுனியில் நின்று, மேடிட்ட வயிற்றின்மேல் சொட்டியது. அவள் கைகூப்பியபடியே இருந்தாள். தெறித்த துளி ஒன்று பெரிய கிளார்க்கின் காலில் பட்டிருக்க வேண்டும். அவர் ஒரு கண்ணைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எதிர்ச்சுவர் ஓரம் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

அம்மா கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். கைகள் கூப்பியிருந்தன, கண்கள் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்து மறுபடி திறந்தார். அம்மா அப்படியேதான் இருந்தாள். இந்த வீட்டாருக்கு ஒரு குறைவும் வராதபடி காத்தருள வேண்டும் என்று ஐயர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆமென் சொன்னதும் முதலில் பேசியவர் பெரிய கிளார்க்தான். "ஏம்மா, நனையுதே. கொஞ்சம் தள்ளி உக்காரக்கூடாதா?"

"எங்கிட்டு ஐயா தள்ள? அங்கன தள்ளுனா அஞ்சாம் நம்பரு" என்றாள் அக்கா.

"அது என்னம்மா நம்பரு?" என்று ஐயர் கேட்டார்.

இப்போது என் பிடரியில் யார் விரலும் இல்லை. ஒன்றிலிருந்து ஏழு வரை, இடமும் அதற்குரிய பாத்திரமும் சேர்த்து, ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பிப்பது போல நின்று சொன்னேன். சொல்லி முடித்தபோது ஐயர் என்னைப் பார்க்கவில்லை, பெரிய கிளார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ் புத்தகத்துல எழுதியிருக்கா?" என்றார் கிளார்க், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"மூணு தடவ எழுதியிருக்கு அண்ணாச்சி" என்றார் மாமா கதவோரத்திலிருந்து. "தேதி சொல்லட்டா?"

"ஜெப வேளையில அதெல்லாம் வேண்டாம்."

மழையில் கூரையைப் பிரிக்க முடியாது என்று சொல்லப்பட்டிருந்தது. புதன்கிழமை காலை மழை வெறித்திருந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் நாலு பேர் வந்து, ஐந்து பழைய தகரங்களைப் பிரித்து, புதியவற்றை ஆணியடித்துவிட்டுப் போனார்கள். தகரம் ஸ்டோரிலேயேதான் இருந்திருக்கிறது. மாமாவுக்கு இதில் பாதிச் சந்தோஷம்தான். "உரிமையா வரவேண்டியது, பாவம்னு பாத்து வந்திருக்கு" என்றார்.

"எப்பிடி வந்தா என்னல? பாவம்னு போட்ட தகரம் ஒழுகவா செய்யும்?" என்றாள் அம்மா.

"ஒனக்கு ஒழுகாது. பக்கத்து வீட்டுக்கு?"

பெரியம்மாவின் வீடும் மற்ற நாலு வீடுகளும் அந்த மழைக்காலம் முழுக்க ஒழுகின. மறு வருஷம் மாமாவின் இரண்டாவது மனுவுக்கு இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தபோது, அம்மா வீடு வீடாகப் போய், ஒருத்தியும் துடைப்பத்தைத் தொடக்கூடாது, காப்பியும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த முறை லயம் முழுவதற்கும் தகரம் வந்தது.

அக்காவுக்கு ஆண் குழந்தை. எட்டாம் நாள் வந்த அவள் மாமியார், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் தரையை இங்கும் அங்குமாக மிதித்துப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து காப்பி கேட்டாள். நாற்பது நாளும் தாயும் பிள்ளையும் காய்ந்த வீட்டில் இருந்தார்கள்.

எனக்கு மட்டும் அந்த நாட்களில் மனம் நிம்மதியாக இல்லை. ஜெபத்தில் கண்ணைத் திறப்பது பாவம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் திறந்ததற்கு அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அம்மா கேட்டதாகத் தெரியவில்லை. ஆரம்பம் முதல் ஆமென் வரை, ஐயர் பக்கத்திலிருக்கும்போதே அவள் கண்ணைத் திறந்து வைத்திருந்ததை அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. ஆகவே அவளுக்காக நான் கேட்டேன். தினமும் படுக்கும் முன், அக்காவின் குழந்தை பக்கத்தில் தூங்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு, எங்கள் அம்மாவை மன்னித்துவிடும், அவள் செய்ததற்காக அந்தத் தகரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளாதேயும் என்று வேண்டிக்கொண்டேன். அந்தத் தகரம் எதனால் வந்தது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.